27 விநாடி வீடியோ... ஒரு பாட்டுக்காரரின் பேரைக் கெடுப்பது எவ்வளவு சுலபம்!

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் தலைப்பாகவே தெரியும். வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட, 'பொங்கிய பால்... பதறிய அம்மா!' என்று மனசு தலைப்பு வைத்துவிடும். அந்தப் பழக்கம் போன வருஷம் ஆடி மாசம் என்னை ஒரு வம்பில் இழுத்துவிட்டது. அடி என் மேல் மட்டும் விழுந்திருந்தால் இந்த வாரம் இதை எழுதியிருக்க மாட்டேன். விழுந்தது வேறொருவர் மேல்.

பண்டசோழநல்லூர், என் அம்மா பிறந்த ஊர். புதுச்சேரியின் மற்ற கிராமங்களைப் போலவே அங்கேயும் ஆடி என்றால் அம்மனுக்குச் செடல். பகலில் வேண்டுதல், சாயங்காலம் சாமி ஊர்வலம், ராத்திரி மேடையில் பாட்டுக் கச்சேரி. கீபோர்டு, தபேலா, ரிதம் பேட், கிடார், பாடுவதற்கு இரண்டு ஆண்கள், ஒரு பெண். முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி, அதற்குப் பின்னால் பாய் விரித்த பாட்டிகள், அவர்கள் மடியில் தூங்கும் பிள்ளைகள். இந்தக் காட்சியை உங்கள் ஊரிலும் பார்த்திருப்பீர்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. ஐம்பது வயசைத் தாண்டிய ஒருவர் பழைய இளையராஜா பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தார். சரணத்தில் மேலே ஏறும் இடத்தில் அவர் குரல் உடைந்தது. இருமினார். கீபோர்டுக்காரர் ஒரு மாதிரி சமாளித்தார். என் போனில் எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது. அதில் 27 விநாடியை மட்டும் வெட்டி, 'ராஜா சார், எங்களை மன்னிச்சிடுங்க!' என்று தலைப்பு வைத்து, மூன்று சிரிப்பு எமோஜியோடு என் சொந்தப் பக்கத்தில் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் 80 ஆயிரம் பேர் பார்த்திருந்தார்கள். அதுவரை நான் போட்ட எதையும் 2 ஆயிரம் பேர்கூடப் பார்த்ததில்லை. பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து மாமாவிடமிருந்து போன். அவர் ஊர் விழாக்குழுவில் இருக்கிறார்.

"பாப்பா, அந்தக் கச்சேரி வீடியோ நீ போட்டதா?"

"ஆமா மாமா."

"பக்கத்து ஊர்ல அவங்களைத்தான் பேசி வச்சிருந்தாங்க. அட்வான்ஸ் குடுக்கப் போற நேரத்துல யாரோ ஒரு பையன் போன்ல இதைக் காட்டியிருக்கான். வேற குழுவைப் புடிச்சிட்டாங்க. அந்த செட்டுல ஒம்போது பேரு பாப்பா."

வீடியோவை உடனே அழித்தேன். ஆனால் அதற்குள் அது வேறு வேறு பக்கங்களில், வேறு வேறு தலைப்புகளோடு சுற்ற ஆரம்பித்திருந்தது.

பேர் எங்கிருந்து வருகிறது?

கோயில் திருவிழா நோட்டீஸை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். குழுவின் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் இருக்கும். ஒரு காலத்தில் 'ரேடியோ புகழ்'. அப்புறம் 'டி.வி. புகழ்'. இப்போது 'யூடியூப் புகழ்'. பட்டம் எதுவானாலும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் விழாக்குழுவினர் பக்கத்து ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். 'போன வருஷம் உங்க ஊர்ல பாடினாங்களே, எப்படி?' அந்தக் கேள்விக்கு வரும் பதில்தான் குழுவின் சொத்து.

ஒருவர் சொல்வதாலோ எழுதுவதாலோ இன்னொருவரின் பிழைப்பு ஏறுவதும் இறங்குவதும் ரீல்ஸ் வந்த பிறகு வந்த விஷயம் இல்லை. அந்தக் கதையில் நம் தமிழ் வாரப் பத்திரிகைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் ஊருக்குச் சொந்தக்காரரிலிருந்தே தொடங்கலாம். 1908 முதல் 1918 வரை பத்து வருஷம் புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார், 'சங்கீத விஷயம்' என்று ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். எந்தக் கச்சேரிக்குப் போனாலும் அதே சில கீர்த்தனைகள், அதுவும் கேட்பவர்களுக்குப் புரியாத மொழியில் என்று வித்வான்களை அதில் ஒரு பிடி பிடிக்கிறார்.

சபா வந்தது, கூடவே விமர்சகரும் வந்தார்

அந்தக் காலத்தில் பாட்டுக்காரர்களை வாழவைத்தவர்கள் ஜமீன்தார்களும், கோயில்களும், கல்யாண வீட்டுக்காரர்களும். பிறகு சபாக்கள் வந்தன. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு ஓர் இசை மாநாடு நடந்தது. அடுத்த வருஷமே மியூசிக் அகாடமி உருவானது. இப்போது டிக்கெட் வாங்கியவர்தான் ராஜா. ஆனால் காசு கொடுத்து உட்காரும் அவருக்கு, யாருடைய கச்சேரிக்குப் போகலாம் என்று யார் சொல்வது?

1930-களில் ஆனந்த விகடனில் 'ஆடல் பாடல்' என்ற பகுதி அந்த வேலையைச் செய்தது. எழுதியவர் பெயர் 'கர்நாடகம்'. பழைய பஞ்சாங்கமாக இருப்பவரை 'சுத்த கர்நாடகம்' என்று கிண்டல் செய்வோம் இல்லையா, அதையே தனக்குப் புனைபெயராக வைத்துக்கொண்டார் ரா.கிருஷ்ணமூர்த்தி. ஆமாம், பின்னால் 'பொன்னியின் செல்வன்' எழுதிய கல்கியேதான்.

சங்கீத சாஸ்திரம் தெரிந்தவர்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி அவர் எழுதவில்லை. ஜோக்கும் தொடர்கதையும் படிக்க விகடன் வாங்குகிற வீட்டில் எல்லோரும் படிக்கிற மாதிரி, சிரிக்கச் சிரிக்க எழுதினார். சபா வாசலையே மிதிக்காதவர்களுக்கும் எந்த வித்வான் எப்படிப் பாடுகிறார் என்று ஓர் அபிப்பிராயம் உண்டானது. கச்சேரியில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்று 1940-களில் தமிழிசை இயக்கம் எழுந்தபோது, அதற்காக மிகப் பலமாக ஒலித்த பேனாக்களில் கல்கியுடையதும் ஒன்று.

அதே பேனா குத்தவும் செய்யும். 1935-இல் 'பக்த நந்தனார்' படம் வந்தது. நந்தனாராக நடித்தவர் கே.பி.சுந்தராம்பாள். சம்பளம் 1 லட்ச ரூபாய்! அந்தக் காலத்தில் நாடே வாயைப் பிளந்த தொகை. படத்தில் பனைமரமும் எருமையும் ஆடும்தான் நன்றாக நடித்திருக்கின்றன என்ற ரீதியில் கல்கி விமர்சனம் எழுதினார். அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்தவர்கள் இன்று நம்மிடையே யார் இருக்கப் போகிறார்கள்? ஆனால் எருமை ஜோக் 90 வருஷமாக உயிரோடு இருக்கிறது. இதோ, நானும் சொல்லிவிட்டேன்.

கொடுமுடி சுந்தராம்பாள் அதோடு முடிந்துபோகவில்லை. 1953-இல் 'ஔவையார்', 1965-இல் 'திருவிளையாடல்', 1970-இல் பத்மஸ்ரீ. எருமை ஜோக் தெரியாத வீடுகளிலும் அந்த வெண்கலக் குரல் ஒலித்துக்கொண்டே இருந்தது. ஒன்றைக் கவனியுங்கள். விமர்சனத்தைத் தாண்டி நிற்க அவரிடம் குரல் இருந்தது. கூடவே நாடக மேடை, சினிமா, ஊர் ஊராக ரசிகர்கள் என்று அந்தக் குரல் போய்ச் சேரப் பல வழிகளும் இருந்தன.

விமர்சகருக்கும் கலைஞருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்ற கேள்வியும் அப்போதே வந்துவிட்டது. 1941-இல் கல்கியும் டி.சதாசிவமும் சேர்ந்து 'கல்கி' வார இதழைத் தொடங்கினார்கள். சதாசிவத்தின் மனைவி எம்.எஸ்.சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்து வாங்கிய பணம்தான் அதற்கு முதல். 1945-இல் வந்த 'மீரா' படத்தில் எம்.எஸ். பாடிய பாட்டுகளில் கல்கி எழுதியவையும் உண்டு. எம்.எஸ்ஸின் பெருமைக்கு யாருடைய சிபாரிசும் தேவையில்லை. ஆனாலும், பாடுகிறவர் சம்பாதித்த பணத்தில் தொடங்கிய பத்திரிகை அவர் கச்சேரியைப் பற்றி எழுதும்போது, படிக்கிறவருக்கு அந்த உறவு தெரிந்திருப்பது நல்லதுதானே?

கல்கிக்குப் பிறகு சுப்புடு. 1917-இல் பிறந்து 2007-இல் மறைந்த இந்த டெல்லிக்காரர் பகலில் மத்திய அரசு வேலை பார்த்தார், மாலையில் சபாவில் உட்கார்ந்தார். 'ஸ்டேட்ஸ்மேன்' நாளிதழில் ஆங்கிலத்திலும், நம் பத்திரிகைகளில் தமிழிலும் எழுதினார். முன்வரிசையில் அவர் தலை தெரிந்தால் மேடையில் இருப்பவருக்கு வயிற்றைக் கலக்கும் என்பார்கள்.

லண்டனிலும் இதே கூத்துதான்

ஜர்னலிசம் டிப்ளமோ படித்தபோது ஒரு வகுப்பில் இங்கிலாந்தின் இசைப் பத்திரிகைகளைப் பற்றிச் சொன்னார்கள். அப்போது பரீட்சைக்காகப் படித்தேன். மாமாவின் போனுக்குப் பிறகு உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன்.

'மெலடி மேக்கர்' 1926-இல் வந்தது. 'நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்', சுருக்கமாக 'என்.எம்.இ', 1952-இல். விற்பனையை வைத்து பாட்டுகளுக்கு வாரா வாரம் ரேங்க் போடும் பட்டியலை இங்கிலாந்தில் தொடங்கிவைத்தது இந்த 'என்.எம்.இ'தான். பீட்டில்ஸ் அலை அடித்த 1964-இல் வாரத்துக்கு 3 லட்சம் பிரதி போனது. ரேடியோவில் புதுப் பாட்டு கேட்பதே அபூர்வமாக இருந்த அந்த நாளில், எந்த பேண்டைக் கேட்கலாம் என்று அங்கத்திய இளசுகள் இந்த வாரப் பத்திரிகைகளைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள்.

அவற்றுக்கு எவ்வளவு பலம் தெரியுமா? 1992 ஏப்ரலில் 'மெலடி மேக்கர்' தன் அட்டையில் 'ஸ்வேட்' என்ற குழுவைப் போட்டு, பிரிட்டனின் மிகச் சிறந்த புது பேண்ட் இதுதான் என்று அறிவித்தது. அன்றைக்கு அந்தக் குழு ஒரே ஒரு ரெக்கார்டுகூட வெளியிட்டிருக்கவில்லை! முதல் பாட்டு அடுத்த மாதம்தான் வந்தது. அடுத்த வருஷம் வந்த முதல் ஆல்பம் விற்பனையில் முதலிடம் பிடித்து, மெர்குரி பரிசும் வாங்கியது. பாட்டு வருவதற்கு முன்பே பேர் வந்துவிட்டது.

இறக்கிவிடுவதிலும் கெட்டிக்காரர்கள். 'குயின்' குழுவின் ஃப்ரெடி மெர்குரியைத் தெரியும்தானே? பார்சி குடும்பத்துப் பிள்ளை, மகாராஷ்டிராவின் பஞ்சகனியில் பள்ளிக்கூடம் படித்தவர். 1977-இல் 'என்.எம்.இ' அவரைப் பேட்டி எடுத்துவிட்டு, இந்த ஆள் ஒரு மடையனா என்று கேட்கும் தலைப்பு வைத்தது. அதைப் படித்தபோது என் மூன்று எமோஜி ஞாபகம் வந்தது. 1985-இல் லண்டன் வெம்ப்ளி அரங்கில் நடந்த 'லைவ் எய்ட்' கச்சேரியில் அதே ஃப்ரெடி, சுமார் 70 ஆயிரம் பேரைக் கைக்குள் வைத்திருந்ததை இன்றும் யூடியூபில் பார்க்கலாம்.

அந்தப் பத்திரிகைகள் என்ன ஆயின? 'மெலடி மேக்கர்' 2000-இல் நின்றது. 'என்.எம்.இ' 2015-இல் இலவச இதழாகி, 2018-இல் அச்சு வார இதழை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனது. பாட்டு எல்லோர் போனிலும் இருக்கும்போது, கேட்டுச் சொல்ல ஒரு ஆள் எதற்கு?

வேலை போனது பத்திரிகைக்குத்தான். பேரை ஏற்றுவதும் இறக்குவதும் நிற்கவில்லை. அது என்னைப் போல போன் வைத்திருக்கிற எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. ஃப்ரெடிக்கு ஒரு வெம்ப்ளி கிடைத்தது. பக்கத்து ஊர் மேடைகூடக் கைவிட்டுப் போன ஒரு கிராமத்துக் குழு எங்கே போய்த் தன் திறமையைக் காட்டும்?

"நீ எத்தனை பாட்டு கேட்ட?"

போன ஐப்பசியில் மாமாவைக் கூட்டிக்கொண்டு அந்தப் பாடகர் வீட்டுக்குப் போனேன். பகலில் சேதராப்பட்டு பக்கம் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர். ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். நான் யார் என்று மாமா சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. வீட்டம்மா டீ கொடுத்தார். அதை வாங்கிக் குடிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

"சுதி போனது நெசம்தாம்மா. நான் இல்லன்னு சொல்லல" என்றார். "அன்னிக்கி நாலாவது நாள் கச்சேரி. தொண்டை காலி. அந்தப் பாட்டை எடுத்திருக்கவே கூடாது. யாரோ கேட்டாங்கன்னு எடுத்துட்டேன். ஆனா எட்டு மணிக்கு மேடை ஏறி, பன்னெண்டரைக்கு எறங்கினேன். அதுல நீ எத்தனை பாட்டு கேட்ட?"

"ஒண்ணு" என்றேன். "அதுவும் பாதி."

அவர் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. சும்மா தலையை ஆட்டிக்கொண்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்கி கிண்டல் செய்தார். ஆனால் கச்சேரியை உட்கார்ந்து கேட்டுவிட்டு, எது நன்றாக இல்லை, ஏன் இல்லை என்று எழுதினார். 'கர்நாடகம்' யார் என்பதும் ஊருக்கே தெரியும். அடுத்த சீசனில் அதே வித்வான் நன்றாகப் பாடினால் பாராட்டவும் அதே பக்கம் இருந்தது. என் 27 விநாடியில் இதெல்லாம் எதுவும் இல்லை. அவர் நான்கு நாளாகத் தொடர்ந்து பாடுகிறார் என்பதும் அதில் இல்லை. ஒரு குறையைப் பார்த்தேன். அந்தக் குறை உண்மை. ஆனால் நாலரை மணி நேரத்திலிருந்து அதை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டினால், அந்த உண்மையே பொய்யாகிவிடுகிறது.

"உங்க குழு பேரைப் போட்டு, என் தப்புன்னு எழுதட்டுமா?" என்று கிளம்பும்போது கேட்டிருந்தேன். வேகமாகக் கையை ஆட்டினார்.

"வேணாம்மா. பேரைப் போட்டா அந்த வீடியோ எங்கன்னு தேடுவாங்க."

அதனால்தான் இந்தக் கட்டுரை முழுக்க எங்கேயும் குழுவின் பெயர் இல்லை.

கொஞ்சம் லேட்டான விமர்சனம்

இந்த வருஷம் ஆடியில் எட்டு மணிக்கு முன்பே போய்ப் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டேன். மாமா சொல்லி, விழாக்குழு அவர்களையே கூப்பிட்டிருந்தது. முழுக் கச்சேரியும் கேட்டேன். போன வருஷமே எழுதியிருக்க வேண்டியது, இதோ:

பிள்ளையார் பாட்டில் தொடங்கி அம்மன் பாட்டுக்கு வந்த முதல் அரை மணி நேரம் சுமார்தான். மைக் சரியாக அமையவில்லை. ரிதம் பேடின் சத்தம் தபேலாவை அமுக்கிவிட்டது. ஒன்பது மணிக்கு மேல் குழு சூடு பிடித்தது. பெண் குரலுக்குச் சொந்தக்காரர் தாலாட்டு ஒன்றைப் பாடியபோது, பின்வரிசையில் சளசளவென்று பேசிக்கொண்டிருந்த கூட்டம் அமைதியானது. கீபோர்டுக்காரர் புல்லாங்குழல், வயலின் இரண்டையும் ஒற்றைக் கையால் கொண்டுவந்தார். நடுவில் டூயட்டாக அடுக்கியது கொஞ்சம் அலுப்பு. நன்கொடையாளர் பெயர்களை வாசிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் இன்னும் மூன்று பாட்டு பாடியிருக்கலாம் (இதற்குக் குழு பொறுப்பில்லை, மாமா பொறுப்பு).

பதினொன்றரை மணிக்கு அந்த இளையராஜா பாட்டை எடுத்தார். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. இந்த முறை ஒரு கட்டை இறக்கி வைத்துக்கொண்டு பாடினார். சரணத்தில் அந்த இடம் வந்தது. அவசரப்படாமல் ஏறி, நின்று, இறங்கினார். போனை எடுக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி மட்டும், "தொண்டை நல்லா இருக்கு இன்னிக்கி" என்றார். போன வருஷமும் அந்தப் பாட்டி இதே இடத்தில் உட்கார்ந்து கேட்டிருப்பார் போல.

எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தப் பக்கத்து ஊர் இந்த வருஷமும் அவர்களைக் கூப்பிடவில்லை. பழைய வீடியோ இன்னும் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத் திருப்பி எடுக்க என்னால் முடியாது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் ஊர்த் திருவிழாவில் பாட்டுக் கச்சேரியோ, நாதஸ்வரமோ, பம்பை உடுக்கையோ, தெருக்கூத்தோ நடந்தால், ஒரு ராத்திரி முழுசாக உட்கார்ந்து கேளுங்கள். பிறகு பத்து வரி எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, ஏன் என்று. குறை இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். கீழே உங்கள் பெயரையும் போடுங்கள். நல்லவற்றை இந்தப் பகுதியிலேயே வெளியிடுகிறேன்.

தலைப்பு நானே வைக்கிறேன். எமோஜி கிடையாது.